வாலில் எஞ்சின் வைத்த விமானம்: காரவெல் விட்டுச்சென்றவை

மீனம்பாக்கத்தில் விமானம் தாமதமாகி, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வெறித்துக்கொண்டிருக்கும் வேளையில் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பயணிகள் ஏறும் விமானங்கள் ஏறத்தாழ எல்லாமே எஞ்சினை இறக்கையில் சுமக்கின்றன. ஓர் ஓரமாக நிற்கும் பணக்காரர்களின் தனி ஜெட்டில் மட்டும் அது வாலுக்குப் பக்கத்தில், முதுகுப்பை மாட்டியது போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரியதற்கு ஒரு நியாயம், சின்னதற்கு ஒரு நியாயமா என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளை கேட்டால், பதிலை 1951-ஆம் ஆண்டு பிரான்ஸிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபரில் பிரெஞ்சு அரசு தன் விமானத் தயாரிப்பு நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை வைத்தது. அறுபது பேர் அளவில் ஏற்றிக்கொண்டு, 2,000 கிலோமீட்டர் வரை போகும் புதிய விமானம் ஒன்று வேண்டும். ஜெட் விமானம் என்றால் கண்டம் விட்டுக் கண்டம் போவதற்கு என்றே அப்போது பலரும் நினைத்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஜெட் எஞ்சின் உயரத்தில்தான் சிக்கனமாக இருக்கும். தரைக்கு அருகில் எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும். ஒரு மணி நேரப் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பாதி வேலை. அதனால் குறுகிய தூரத்துக்கு விசிறி சுழலும் டர்போபிராப் விமானங்களே சரி, இங்கிலாந்தின் வைகவுன்ட் போன்றவையே போதும் என்பது பெரும்பாலோர் கணக்கு. சூட் எஸ்ட் என்ற அரசு நிறுவனம் (பின்னாளில் சூட் ஏவியேஷன் ஆனது) அந்தக் கணக்கை ஏற்கவில்லை. துலூஸ் நகரில் அது உருவாக்கிய விமானத்தின் பெயர் காரவெல். கொலம்பஸ் காலத்துச் சிறு பாய்மரக் கப்பலின் பெயர் அது.

வாலில் எஞ்சின் வந்த கதை சுவையானது. முதல் வரைபடத்தில் மூன்று எஞ்சின்கள் இருந்தன. கைவசம் இருந்த பிரெஞ்சு ‘அட்டார்’ எஞ்சின் இரண்டுக்கு அந்த எடையைத் தூக்க வலுவில்லை. மூன்றை இரண்டு இறக்கைகளில் எப்படிப் பங்கிடுவது? மூன்றையும் வாலில் சேர்த்துக் கட்டினார்கள். பிறகு ரோல்ஸ் ராய்ஸின் ‘ஏவன்’ எஞ்சின் வலுக்கூடி வந்ததும் மூன்றாவது தேவையற்றுப் போனது. அதைக் கழற்றிவிட்டார்கள், மீதி இரண்டு இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. இருபது ஆண்டுகள் உலகம் பார்த்துப் பார்த்து நகலெடுத்த உருவம், கைவிடப்பட்ட ஒரு திட்டத்தின் மிச்சம்.

மூக்குப் பகுதி சொந்தச் சரக்கே அல்ல. உலகின் முதல் ஜெட் பயணி விமானமான பிரிட்டிஷ் காமெட்டின் மூக்கையும் விமானி அறையையும் உரிமம் பெற்று அப்படியே பொருத்திக்கொண்டார்கள். ஜன்னல்கள் மட்டும் அவர்களுடையவை: மூலைகள் வழித்த முக்கோணம். கீழே அகன்று மேலே குறுகியதால், ஓட்டை சிறிதாக இருந்தும் தரையைப் பார்க்க இடம் கிடைத்தது. விமான உடலில் வெட்டும் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு பலவீனம் என்பதை 1954-இல் நடுவானில் சிதறிய இரண்டு காமெட்டுகள் உலகுக்குக் கற்றுக்கொடுத்திருந்தன.

1955 மே 27 அன்று காரவெல் முதன்முதலாகப் பறந்தது. ஓட்டியவர் பியர் நாதோ. உள்ளே இருந்த ஐவரில் ரோஜே பெத்தேய் என்ற பொறியாளரும் ஒருவர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருவார். 1959-இல் ஸ்காண்டிநேவியாவின் எஸ்ஏஎஸ் நிறுவனமும் ஏர் பிரான்ஸும் பயணிகளை ஏற்றத் தொடங்கின. அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு வித்தை காட்டினார்கள்: பாரிஸுக்கு மேலே உயரத்தில் எஞ்சின் விசையைக் குறைத்துவிட்டு, ஏறத்தாழ 260 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திஜோன் வரை பருந்து போல வழுக்கிக்கொண்டே போனது விமானம். விளம்பரம்தான். ஆனால் விஷயமுள்ள விளம்பரம். எதுவும் தொங்காத வெற்று இறக்கை காற்றில் எவ்வளவு சுத்தமாகப் போகும் என்பதை அதைவிட எளிதாக யாரும் விளக்கியிருக்க முடியாது.

இறக்கை சுத்தமாவது முதல் லாபம். இரைச்சல் பின்னால் போய்விடுவதால் முன்வரிசைக்காரர்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டு வரலாம், கடைசி வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றது உடலை ஒட்டியே தள்ளுவதால் விமானம் ஒரு பக்கமாக அதிகம் திரும்பாது. எல்லாவற்றையும் விடச் சிறிய ஊர்களுக்குப் பிடித்தது வேறொன்று: இறக்கைக்குக் கீழே எஞ்சின் தொங்காததால் சக்கரக் கால்கள் குட்டையாக இருக்கலாம். விமானம் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். வாலுக்கு அடியில் தானே இறங்கும் படிக்கட்டு வைத்துவிட்டார்கள். படிக்கட்டு வண்டி இல்லாத விமான நிலையத்திலும் ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போய்விடலாம். குறுகிய தூர விமானத்துக்கு ஒரு நாளில் ஆறு ஏழு தடவை இறங்கி ஏறுவதுதானே பிழைப்பு?

அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் 20 காரவெல்களை வாங்கி 1961-இல் பறக்கவிட்டது. நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே அதில் ‘ஆண்களுக்கு மட்டும்’ என்று ஒரு மாலைச் சேவைகூட நடந்தது. வீடு திரும்பும் மேலாளர்கள் சுருட்டுப் பிடித்துக்கொண்டு போவதற்காக. 1970 வரை அந்தக் கூத்து நீடித்தது.

பிறகு வந்தது நகல்களின் ஊர்வலம். இங்கிலாந்தின் டிரைடென்ட், பிஏசி ஒன்-லெவன், அமெரிக்காவின் போயிங் 727, சோவியத்தின் டியூ-134, நெதர்லாந்தின் ஃபாக்கர் எஃப்28: 1962 முதல் 1967 வரை புதிதாகப் பறந்த குறுகிய, நடுத்தர தூர ஜெட்டுகள் வரிசையாக எஞ்சினை வாலுக்குத் தள்ளின. வாலடிப் படிக்கட்டு 727-க்கும் வந்தது. 1971-இல் 2 லட்சம் டாலரோடு அந்தப் படியிலிருந்து இருட்டில் பாராசூட்டில் குதித்து மறைந்த ‘கூப்பர்’ என்ற விமானக் கடத்தல்காரரை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பறக்கும்போது படிக்கட்டைத் திறக்க விடாமல் தடுக்கும் ஒரு சிறு தகட்டுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

எல்லாரையும் விட விவரமாக நடந்துகொண்டது அமெரிக்க விமானத் தயாரிப்பு நிறுவனமான டக்ளஸ். 1960-இல் காரவெல்லை அமெரிக்காவில் விற்றுக்கொடுக்க சூட் ஏவியேஷனோடு ஒப்பந்தம் போட்டது. அந்த ஏற்பாட்டில் ஒரு விமானமும் விற்கவில்லை. ஒப்பந்தம் காலாவதியானது. 1963-இல் டக்ளஸ் தன் சொந்தக் குறுகிய தூர ஜெட்டை அறிவித்தது: வாலில் இரண்டு எஞ்சின், வாலடியில் படிக்கட்டு, பெயர் டிசி-9. திருட்டு என்று சொல்லத் தேவையில்லை. இறக்கையும் உடலும் அவர்களே வடிவமைத்தவை. ஆனாலும் பெண் பார்க்கப் போன வீட்டின் சமையல் குறிப்போடு திரும்பி வந்தவர்களின் நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. காரவெல் மொத்தம் 280 அளவில்தான் கட்டப்பட்டது. டிசி-9, அதன் வாரிசுகளான எம்டி-80, எம்டி-90, போயிங் 717 எல்லாம் சேர்ந்து 2,400-ஐத் தாண்டின. எம்டி-80 விமானங்கள் சில 1980களில் ஷாங்காயில் பொருத்தப்பட்டன. அதே ஊரிலிருந்து 2016-இல் சேவைக்கு வந்த சீனாவின் ஏஆர்ஜே21, இப்போது சி909 என்ற பெயரில், அதே சாயலோடு பறந்துகொண்டிருக்கிறது.

இந்த உருவத்துக்கு விலை உண்டு. அதைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நகலெடுத்தவர்கள்தான். எஞ்சின் வாலுக்குப் போனதும் வாலின் கிடைச்சிறகை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. காரவெல்லில் அதைச் செங்குத்துச் சிறகின் நடுவில், எஞ்சின் புகைக்கு மேலே வைத்தார்கள். பின்வந்தவர்களில் பெரும்பாலோர் உச்சிக்கே கொண்டுபோய் ஆங்கில ‘டி’ எழுத்துப் போல ஆக்கினார்கள். விமானம் வேகம் குறைந்து மூக்கை மிக அதிகமாகத் தூக்கினால், இறக்கையைக் கடந்து வரும் கலங்கிய காற்று நேராக அந்த உச்சிச் சிறகின் மேல் விழும். சிறகு செயலிழக்கும். மூக்கைக் கீழே தள்ள விமானி எவ்வளவு முயன்றாலும் பயனில்லை. விமானம் தட்டையாகவே கீழே இறங்கும். 1963 அக்டோபர் 22 அன்று சோதனைப் பறத்தலில் இருந்த பிஏசி ஒன்-லெவன் ஒன்று இங்கிலாந்தில் இப்படித்தான் விழுந்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அதன்பிறகுதான் ஆபத்து நெருங்கும்போது விமானியின் கைப்பிடியை நடுங்கவைத்து எச்சரிக்கும் கருவி, மீறினால் தானே கைப்பிடியை முன்னே தள்ளும் கருவி என்று காவல் ஏற்பாடுகள் பரவலாயின. டிசி-9 தன் கிடைச்சிறகை அகலமாக்கிக்கொண்டு தப்பித்தது.

காரவெல்லும் கறையற்றதல்ல. நமக்கு மிக அருகில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1964-இல் இந்தியன் ஏர்லைன்ஸின் முதல் ஜெட்டாக வந்தது காரவெல்தான். 1976 அக்டோபர் 12 அதிகாலை பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய 171-ஆம் எண் காரவெல், ஏறிய சற்று நேரத்தில் ஓர் எஞ்சினை இழந்தது. எஞ்சினின் உள்ளே சுழன்று காற்றை அழுத்தும் தட்டு ஒன்று உலோகக் களைப்பால் வெடித்துச் சிதறி, எரிபொருள் குழாயை அறுத்துவிட்டது. தீ பரவியது. கட்டுப்பாட்டுச் சிறகுகளை இயக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் வடிந்தது. திரும்பி வந்த விமானம் ஓடுபாதையை எட்டும் முன் விழுந்து, அதிலிருந்த 95 பேரும் இறந்தார்கள். மலையாள நடிகை ராணி சந்திராவும் அவர்களில் ஒருவர். எரிபொருள் இறக்கையில், எஞ்சின் வாலில் என்று பிரித்துவிட்டால் இரண்டையும் இணைக்கும் குழாய் உடலின் வழியாகத்தான் போயாக வேண்டும். வால் எஞ்சினை மெச்சுகிறவர்கள் இந்தக் குழாயைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இவ்வளவு பேர் பின்பற்றிய உருவம் ஏன் பெரிய விமானங்களிலிருந்து மறைந்தது? விபத்துகளால் அல்ல, எடையால். பறக்கும்போது காற்று இறக்கையை மேலே வளைக்கிறது. இறக்கையில் எஞ்சின் தொங்கினால் அந்த எடை வளைவைத் தணிக்கும், பந்தல் துணி பறக்காமல் இருக்க ஓரத்தில் கல் கட்டுகிறோமே, அப்படி. எஞ்சினை வாலுக்குக் கொண்டுபோனால் கல்லை அவிழ்த்தது போல. இறக்கையை அதிக உலோகம் போட்டு வலுவாக்க வேண்டும், வாலையும் வலுவாக்க வேண்டும். பின் கேரியரில் அரிசி மூட்டை ஏற்றிய சைக்கிளின் முன்சக்கரம் தூக்குவது போன்ற சமநிலைத் தொல்லை வேறு. 1960களின் ஒல்லி எஞ்சின்களுக்கு இதெல்லாம் தாங்கக்கூடிய செலவு. பின்னர் வந்த எஞ்சின்கள் பெரும் காற்றை விழுங்கி மெதுவாகத் தள்ளுகிறவை. சிக்கனமானவை, ஆனால் குண்டானவை. அவற்றை வாலில் மாட்டுவது கட்டுப்படியாகவில்லை.

போயிங்கின் பொறியாளர் ஜோ சட்டர் இதை முன்னதாகவே உணர்ந்தார். 737-ஐ வரையும்போது எல்லாரும் செய்கிறபடி எஞ்சினை வாலில் வைக்காமல் இறக்கைக்குக் கீழே கொண்டுவந்தார். உடல் அகலமானது, ஒரு வரிசையில் ஆறு இருக்கை போட முடிந்தது. ஆனால் சிற்றூர் விமான நிலையங்களுக்கான அந்தக் குட்டைக் காலை மட்டும் அவர்களும் விடவில்லை. இறக்கையை ஒட்டினாற்போல் எஞ்சினைப் பதித்து 1967-இல் பறக்கவிட்டார்கள். எஞ்சின் பருக்கப் பருக்கத் தரைக்கும் அதற்கும் இடைவெளி போதாமல் போனது. 1980களில் எஞ்சின் உறையின் அடிப்பகுதியைத் தட்டையாக்கிச் சமாளித்தார்கள். 737 மேக்ஸில் எஞ்சினை முன்னும் மேலுமாக நகர்த்தினார்கள். அதனால் மாறிய பறக்கும் இயல்பைச் சரிக்கட்டச் சேர்த்த மென்பொருள், 2018-இலும் 2019-இலும் இரண்டு விபத்துகளில் 346 உயிர்கள் போகக் காரணங்களில் ஒன்றானது. காலை உயர்த்தாமல் காலம் கடத்தியதன் கணக்கு அது. காரவெல்லிடம் குட்டைக் காலுக்கு ஒரு பொருத்தம் இருந்தது, ஏனென்றால் எஞ்சின் வேறிடத்தில் இருந்தது. சிறிய தனி ஜெட்டுகளுக்கு இன்றும் அதே நியாயம்தான்: அவற்றின் இறக்கை முழங்கால் உயரத்தில் இருக்கிறது, அடியில் எஞ்சின் வைக்க இடமே இல்லை. பிள்ளையின் கேள்விக்குப் பதில் அவ்வளவே.

உருவத்தை விட்டு நகர்ந்தால், காரவெல் விட்டுச்சென்றதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது பனிமூட்டத்தைப் பற்றியது. போகி அன்று காலையில் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமானங்களைத் தடுமாற வைப்பதை நாம் பார்க்கிறோம். ஐரோப்பாவில் குளிர்காலம் முழுக்க அதே தொல்லை. 1963 செப்டம்பர் 4 அன்று சூரிக்கில் சுவிஸ் ஏரின் காரவெல் ஒன்று ஓடுபாதையில் படிந்த மூடுபனியைக் கலைக்க எஞ்சினை முடுக்கிக்கொண்டே ஊர்ந்து போனது. அப்போது சக்கரத் தடைகள் அளவுக்கு மீறிச் சூடாயின. புறப்பட்ட பின் தீ பரவி விமானம் விழுந்தது. இறந்த 80 பேரில் 43 பேர் ஹும்லிகோன் என்ற ஒரே சிற்றூரின் விவசாயக் குடும்பங்கள்.

அரை மணி, ஒரு மணி நேரச் சேவைகளை நம்பியிருந்த பிரான்ஸின் உள்நாட்டு நிறுவனமான ஏர் இன்டருக்குப் பனி ஒரு வியாபாரப் பிரச்சினை. காலை விமானம் இறங்க முடியாவிட்டால் பயணி அடுத்த முறை ரயிலில் போய்விடுவார். தானே தரையிறங்கும் கருவியைக் காரவெல்லில் பொருத்தி, 1969 ஜனவரி 9 அன்று ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத உண்மையான மூடுபனியில், பயணிகளோடு பாரிஸின் ஓர்லியில் இறக்கினார்கள். இங்கிலாந்தின் டிரைடென்ட் இதே துறையில் இணையாக உழைத்தது. தெளிவான வானிலையில் பயணிகளோடு முந்தியதும் அதுதான். டெல்லியில் டிசம்பர் மாதப் பனியில் விமானம் தானே இறங்கும்போது அதில் இருப்பவர்கள் இந்த இரண்டுக்கும் கடன்பட்டவர்கள்.

இன்னொரு கிளை மனிதர்களால் வளர்ந்தது. காரவெல்லை வடிவமைத்த பியர் சாத்ர் பிறகு ஒலியை விட வேகமாகப் பறக்கும் பயணி விமானமான கான்கார்டின் பணியில் பிரெஞ்சுத் தரப்பின் தலைமைப் பொறுப்புகளில் இருந்தார். பிரிட்டனோடு கைகோர்க்கும் முன் அந்தத் திட்டத்துக்கு சூட் ஏவியேஷன் வைத்திருந்த பெயரே ‘சூப்பர் காரவெல்’. கான்கார்ட் விலைபோகாமல் சில விமானங்களோடு நின்றுபோனது தெரிந்ததே. அதே துலூஸில், சத்தமில்லாமல், காரவெல்லின் முதல் பறத்தலில் உட்கார்ந்திருந்த ரோஜே பெத்தேய் 1967-இல் வேறொரு வேலையை ஏற்றுக்கொண்டார்: ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து கட்டும் ‘ஏர்பஸ்’ என்ற விமானத்தின் தொழில்நுட்பத் தலைமை.

காரவெல்லின் தோல்வியையும் ஏர்பஸ் குழுவினர் படித்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். ஐரோப்பாவில் விற்ற விமானம் அமெரிக்காவில் யுனைடெட்டின் இருபதோடு நின்றுபோனது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான டிடபிள்யுஏ போட்ட ஆர்டரையும் ரத்து செய்தது. வாடிக்கையாளருக்குப் பழகிய எஞ்சின், பழகிய அளவுகள், பழகிய மொழி இல்லாமல் நல்ல விமானமும் விலைபோகாது. பெத்தேய் ஏர்பஸ்ஸின் வேலை மொழியை ஆங்கிலமாக்கினார்; அளவுகளை அமெரிக்க முறையில் வைத்தார்; ஏர்பஸ்ஸின் முதல் விமானமான ஏ300-க்கு அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சின் வந்தது. பிரெஞ்சுக்காரர் ஒருவருக்கு இதில் எத்தனை வசவு விழுந்திருக்கும்! ஏ300-இன் அடிப்படை எண்ணம் மட்டும் 1951-இன் எண்ணமே: குறுகிய, நடுத்தர தூரம், இரண்டே எஞ்சின். எஞ்சின்களின் இடம்தான் இறக்கைக்குக் கீழே மாறியது. இந்தியன் ஏர்லைன்ஸ் 1976-இலேயே அதை வாங்கிவிட்டது, காரவெல் பம்பாயில் விழுந்த அதே ஆண்டு.

வால் எஞ்சின் குடும்பத்தின் கடைசிச் செய்தி அமெரிக்காவிலிருந்து. 2023-இல் நாசாவும் போயிங்கும் நாளைய குறுகிய தூர விமானத்துக்காக எக்ஸ்-66 என்ற சோதனைத் திட்டத்தை அறிவித்தன. புதிதாக உடல் கட்டச் செலவாகும் என்று பழைய எம்டி-90 ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அதன் உடலைச் சுருக்கி, மிக நீளமான மெல்லிய இறக்கையை முட்டுக்கொடுத்து மாட்டி, வாலில் இருந்த எஞ்சின்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை இறக்கைக்குக் கீழே தொங்கவிடுவது திட்டம். 2025 ஏப்ரலில் அந்த வேலை நிறுத்திவைக்கப்பட்டது.